வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்கும் குழுவில் சேர: புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

சாதியின் பேரால் அடிபட்டவர், வீடு கொளுத்தப்பட்டவர், பொதுப்பாதையில் நடக்க விடாமல் மறிக்கப்பட்டவர் என்று பலரோடும் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கூடவே போய்வரும் சிறு குழுக்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அவற்றில் ஆர்வமாகச் சேர்கிற பலர் சில மாதங்களிலேயே காணாமல் போய்விடுகிறார்கள். முழக்கம் போட வந்தவரை ஜெராக்ஸ் கடை வரிசையில் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். இந்த வேலையில் பெரும்பகுதி தாளும் தேதியும்தான் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம் 1989-இல் வந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் 12-ஆம் உட்பிரிவின்படி, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. "நீ யாருய்யா?" என்று காவல் நிலைய வாசலில் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான். உரிமை அவருடையது, அவர் கூப்பிட்டதால் நாம் வந்திருக்கிறோம்.

1. எந்தக் குழு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. முதல் வகை, சம்பளம் வாங்கும் ஊழியர்களோடு இயங்கும் தொண்டு நிறுவனங்கள். மதுரையை மையமாகக் கொண்ட எவிடென்ஸ், மக்கள் கண்காணிப்பகம் போன்றவை இந்த வகை. இங்கே தன்னார்வலருக்கு ஆவணம் தொகுப்பது, தட்டச்சு, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகள் கிடைக்கும். இரண்டாவது, தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி போல இயக்கங்களின் பின்புலம் கொண்ட மேடைகள். ஆர்ப்பாட்டம், மனு கொடுப்பது, ஊர்க்கூட்டம் என்று வெளியில் நிற்கும் வேலை அதிகம். மூன்றாவது, நாலைந்து வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த உள்ளூர் குழு. பெயர்ப்பலகைகூட இருக்காது. ஆனால் புதியவர் அதிகம் கற்றுக்கொள்வது இங்கேதான்.

குழு உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கட்டும். சம்பவம் நடந்த அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரால் எவ்வளவு மனமிருந்தாலும் அது முடியாது. அதே சமயம் சொந்த ஊர் வழக்குகளை எடுக்க வேண்டாம். எதிர்த்தரப்பில் சித்தப்பாவோ, அப்பாவுக்குக் கடன் கொடுத்தவரோ நிற்பார். அப்படி ஒரு வழக்கு வந்தால் குழுவிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

2. சேரும் முன் குழுவைச் சோதியுங்கள்

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நிவாரணத் தொகையில் குழு பங்கு வாங்குமா? "செலவுக்கு மட்டும்", "அவங்களா மனசாரக் கொடுத்தா" என்று எந்த வடிவில் பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடிபட்டவருக்கு அரசு கொடுக்கும் பணத்தில் கமிஷன் எடுக்கும் ஆட்கள் இந்தத் துறையிலும் இருக்கிறார்கள்.

அடுத்து, அடையாள அட்டை விற்பவர்கள். "மனித உரிமை", "ஊழல் ஒழிப்பு" என்று நீளமான பெயர், அசோகச் சக்கரத்தைப் போன்ற முத்திரை, காருக்கு ஸ்டிக்கர், மாவட்டச் செயலாளர் பதவிக்குத் தனி விலை. காசு கொடுத்து வாங்கும் எந்த அட்டைக்கும் காவல் நிலையத்தில் அதிகாரம் கிடையாது. அந்த அட்டையை நீட்டினால் உங்களையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பதுதான் மிச்சம். நல்ல குழு ஆண்டுச் சந்தா வாங்கலாம். அது சிறு தொகையாகவும் ரசீதோடும் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. பதிவு செய்த அமைப்பு என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவானதா, அறக்கட்டளையா என்று கேட்டுப் பதிவு எண்ணையும் கடைசித் தணிக்கைக் கணக்கையும் பாருங்கள். பதிவு இல்லாத குழு என்பதே குற்றமில்லை. ஆனால் அப்படிப்பட்ட குழு வழக்கின் பேரைச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டினால் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முடிவெடுக்கும் இடத்தில் பாதிக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்களா, மேடையில் மட்டும் இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

பெண்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகக் குழு கட்டாயம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் என்று சொல்வதில் சம்பளம் இல்லாத தன்னார்வலரும் அடக்கம். சமூகநீதி பேசும் இடம் என்பதால் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

3. நீங்கள் கொடுக்க வேண்டிய ஆவணங்கள்

கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதார் நகல், இரண்டு புகைப்படம், அவசரத் தொடர்புக்கு ஒருவரின் பெயரும் எண்ணும். இவற்றோடு ஓர் எழுத்துபூர்வ உறுதிமொழி: பாதிக்கப்பட்டவரைப் பற்றிய தகவலை வெளியில் பகிரமாட்டேன், என் மேல் நிலுவையில் உள்ள வழக்குகள் இவை. வழக்கு இருந்தால் மறைக்க வேண்டாம். போராட்ட வழக்குகள் இந்தத் துறையில் யாரையும் தகுதியிழக்கச் செய்வதில்லை. மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் சிக்கல்.

வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். அசல் சான்றிதழ் எதையும் கொடுக்காதீர்கள்.

அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். அரசியல் கட்சியோடு தொடர்புள்ள மேடைகளில் அவர் உறுப்பினராக முடியாது. மற்ற குழுக்கள் என்றாலும் துறையின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்றுக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும் விளக்கம் கேட்டு மெமோ வர. 18 வயது நிறையாதவர்களைக் களத்துக்கு அனுப்பும் குழுவில் சேர வேண்டாம்.

4. நேரமும் செலவும்

நேரத்தை வாரத்துக்கு இத்தனை மணி என்று பிரித்துக் கொடுக்க முடியாது. இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது, பிறகு தொடர்ந்து நான்கு நாள் அலைச்சல் இருக்கும். வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர் அதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் தட்டெழுத்து, தகவல் உரிமை மனு, நாட்குறிப்பு பராமரிப்பு போன்ற வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ் எல்லாமே வார நாள் வேலை. கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள் திங்கட்கிழமை, எஸ்.பி. ஆபீசில் மனு வாங்கும் நாள் பெரும்பாலும் புதன்கிழமை.

பஸ் கட்டணம், நகல், தபால், போன் ரீசார்ஜ் எல்லாம் உங்கள் கைக்காசில் போகும். குழு திருப்பிக் கொடுக்கும் என்றால் மாத உச்சவரம்பு எவ்வளவு, எதற்கெல்லாம் ரசீது வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். அரசு தரப்பில் நீங்கள் கட்ட வேண்டியது குறைவு. முதல் தகவல் அறிக்கை நகல் இலவசம். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்குக் கட்டணம் இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். அதன் உதவி எண் 15100.

பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தக் காசைக் கடனாகக் கொடுக்காதீர்கள். கேட்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் "காசு கொடுத்துப் பொய்ப் புகார் கொடுக்க வைத்தார்கள்" என்ற கேள்வியாக அது திரும்பி வரும்.

5. களத்துக்கு முன் படிக்க வேண்டியவை

1989 சட்டம், அதன் 1995 விதிகள், 2016 திருத்த விதிகள். முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பின்வருபவை விரல் நுனியில் இருக்கட்டும்.

பிரிவு 3(1)(ஆர்) என்பது பொதுப்பார்வை படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது. 3(1)(எஸ்) அதே போன்ற இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. பிரிவு 18 முன்ஜாமீனைத் தடுக்கிறது. 2018-இல் சேர்த்த 18ஏ, வழக்குப் பதிவதற்கு முன் ஆரம்ப விசாரணை தேவையில்லை என்கிறது. "விசாரிச்சிட்டுப் போடறோம்" என்று சொல்லும் அதிகாரிக்கு நினைவூட்ட வேண்டியது இதைத்தான். பிரிவு 4, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. விதி 7-இன்படி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் செய்தால் வழக்கு பின்னால் ஆட்டம் காணும்.

சட்டம் யாருக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், புதியவர்கள் தவறான வாக்குறுதி கொடுப்பது இங்கேதான். குற்றம் சாட்டப்பட்டவரும் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அவர்களுக்கும் பொருந்தாது. பழங்குடியினருக்கு மதம் தடையில்லை. எனவே சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் எந்தச் சட்டப்பிரிவையும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

6. புகார் மனு: வழக்கின் பாதி இங்கேதான்

புகாரில் சாதி பற்றிய விவரம் இல்லையென்றால் காவல் நிலையத்தில் சாதாரண அடிதடி வழக்காகப் போட்டுவிடுவார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(b), 115(2), 351(2) ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்: கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல், அவ்வளவுதான். வன்கொடுமைச் சட்டம் அதில் இருக்காது. பின்னால் பிரிவை மாற்றலாம் என்றாலும் அதற்குள் நாட்கள் போய்விடும், சாட்சிகளும் கலைந்துவிடுவார்கள்.

புகாரில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், இடம். புகார்தாரரின் சாதி, தெரிந்தவரை எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்படுபவர்களின், பெயரும் சாதியும். அவர்கள் சொன்ன சொற்கள் சொன்னபடியே, கூசினாலும் மாற்றாமல். "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பலவீனம். அந்த இடத்தில் வேறு யார் யார் நின்றார்கள் என்பது மிக முக்கியம். பொதுப்பார்வை என்ற சொல் சட்டத்தில் இருப்பதால், வெளியாள் யாருமில்லாத நான்கு சுவருக்குள் திட்டியது 3(1)(ஆர்)-இல் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. டீக்கடை வாசலா, பஸ் ஸ்டாப்பா, தெருமுனையா என்று எழுதுங்கள்.

புகார்தாரரின் சாதி எதிரிக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஒரே ஊர், பல ஆண்டுப் பழக்கம், அவர் நிலத்தில் வேலை பார்த்தவர் என்பது போல. தனிப்பட்ட பழக்கம் இருந்தால் சாதி தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் கருதும் என்கிறது பிரிவு 8(சி). காயம், சேதமான பொருள், அதன் மதிப்பு. தாமதமாகப் புகார் கொடுத்தால் காரணம்: மருத்துவமனையில் இருந்தேன், ஊரை விட்டு வெளியே வர விடவில்லை.

இவற்றை நீங்களாக இட்டுக்கட்டக் கூடாது. கேட்டு, அவர் சொன்னதை அவர் மொழியிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரிந்தவர் என்றால் அவர் கையாலேயே எழுதட்டும். உங்கள் வக்கீல் தமிழில் மனு இருந்தால் புகார்தாரர் கூண்டில் நின்று அந்தச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் விழிப்பார்.

7. காவல் நிலையத்தில்

முதல் பொறி சி.எஸ்.ஆர். ரசீது. புகாரை வாங்கிக்கொண்டு சமூக சேவைப் பதிவேட்டு எண் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது முதல் தகவல் அறிக்கை இல்லை. அதை வைத்துக்கொண்டு நிவாரணமும் கேட்க முடியாது, பிரிவு 18-இன் பாதுகாப்பும் இல்லை. எஃப்.ஐ.ஆர். எண், தேதி, சட்டப்பிரிவுகள் மூன்றும் உள்ள நகலைக் கேளுங்கள். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் தவிர மற்றவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பதிவிறக்கலாம்.

"எங்க லிமிட் இல்ல" என்றால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யவே மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதிமன்றம்தான், அது வழக்கறிஞர் பார்க்க வேண்டிய வேலை. இதற்கிடையில் 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

நிலையத்தில் பேச வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். நீங்கள் குரலை உயர்த்தினால் "அரசுப் பணியைத் தடுத்தார்" என்று உங்கள் மேல் வழக்கு வரும், அவருடைய புகார் பின்னுக்குப் போய்விடும். தனியாகப் போகாதீர்கள். பெண் புகார்தாரர் என்றால் குழுவில் பெண் ஒருவர் கட்டாயம். உள்ளே போன நேரம், பேசிய அதிகாரியின் பெயர், பதவி, வெளியே வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

காயம் இருந்தால் காவல் நிலையத்துக்கு முன்பே அரசு மருத்துவமனை. பயத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் எதிரிதரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. யார், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டு நகலின் (ஏ.ஆர். காப்பி) எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

8. ஊருக்குள் போகும்போது

சேர்ந்த முதல் வாரத்திலேயே உண்மை அறியும் பயணத்துக்குக் கூப்பிடும் குழுவைவிட, இரண்டு மூன்று பழைய கோப்புகளைப் படிக்கச் சொல்லும் குழுவை நம்புங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்துவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள், ஏனென்றால் நீங்கள் போன பிறகு அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்க வேண்டும். முதலில் ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்கிற பழக்கம் வேண்டாம். காலனிக்கு நேராகப் போங்கள். கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், பாட்டிலைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள். வேறு சாதியிலிருந்து வரும் தன்னார்வலரை அந்த வீடு எடைபோடுவது இதில்தான்.

சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வாக்குமூலம் தயாரிக்காதீர்கள். புதியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும், ஆதாரம் சேர்ப்பது நல்லதுதானே என்று. ஆனால் ஒருவர் முன்பு எழுத்தில் சொன்னதை வைத்து அவரையே முரண்படுத்தச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. போலீசிடம் ஏழு மணி, உங்களிடம் ஏழரை மணி என்றிருந்தால் போதும். குறிப்பேட்டில் உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள், தேதி போடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் சம்பவத்தை நீங்கள் கேட்கவே வேண்டாம். அது புலனாய்வு அதிகாரியிடமும் நடுவரிடமும் சொல்ல வேண்டியது. அவர் பெயரையோ, அடையாளம் தெரியும்படி வீட்டையோ தந்தையின் படத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். குழுவின் வாட்ஸ்அப்பில் போட்ட படம் அரை மணியில் ஊர் முழுக்கச் சுற்றும். அனுதாபத்தோடு போட்டதும் குற்றம்தான்.

9. வீடியோவும் போனும்

சம்பவத்தை யாராவது போனில் எடுத்திருந்தால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். கோப்பு சுருங்கும், எடுத்த நேரம் பற்றிய விவரம் அழிந்துபோகும். எடுத்த போன் அப்படியே இருக்கட்டும். கேபிள் போட்டு நகல் எடுத்து இரண்டு பென் டிரைவில் வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்டப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் போனின் விவரமும் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்பார்கள். போனை ரீசெட் செய்துவிட்டாலோ விற்றுவிட்டாலோ சான்றிதழ் கொடுப்பது பெரும் பாடு.

10. நிவாரணத் தொகை

இது யாருடைய தயவிலும் கிடைப்பது இல்லை, விதி 12(4)-இன்படி ஏழு நாளுக்குள் தர வேண்டிய ஒன்று. உணவு, உடை, தங்குமிடம், மருத்துவ உதவி ஆகியவையும் இதில் அடங்கும். 2016 மத்திய விதிகளின்படி சாதிப்பெயர் சொல்லி அவமானப்படுத்திய வழக்கில் 1 லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர். நிலையில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போகும்போது 50, கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் மீதி 25. கொலை என்றால் 8.25 லட்சம்: உடற்கூறாய்வுக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகையின்போது பாதி. அதோடு குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை என்று மற்ற உரிமைகளும் உண்டு. மாநில அரசு இதைவிடக் கூட்டியும் தரலாம் என்பதால் நடப்பு அரசாணையை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தர வேண்டிய தாள்கள்: எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காயம் இருந்தால் மருத்துவச் சான்று. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறு எழுத்தும். இரண்டு, பல மாதம் தொடாமல் முடங்கிப்போன கணக்கு. முதல் நாளே வங்கிக்குப் போய்ச் சரிபாருங்கள். பணம் பாதிக்கப்பட்டவரின் கணக்குக்கு மட்டும்தான். கணவர் கணக்கு, குழுவின் கணக்கு என்ற பேச்சே கூடாது.

ஏழு நாள் கடந்தால் எட்டாவது நாள் கலெக்டருக்கு மனு. பதில் இல்லையென்றால் தகவல் உரிமை மனுவில் "இன்ன எஃப்.ஐ.ஆர். தொடர்பான நிவாரணக் கோப்பு இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து உள்ளது" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலும் பதிலுக்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் விளக்கம் கேட்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள்.

விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகும் செலவும் தினப்படியும் விதி 11-இன்படி தனியாக உண்டு, மூன்று நாளுக்குள் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. பஸ் டிக்கெட்டுகளை ஒரு கவரில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

11. அறுபது நாள் கணக்கு

எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து 60 நாளில் புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை போக வேண்டும். குழுவில் ஒருவர் வழக்கு வாரியாக நாட்காட்டி வைத்திருக்க வேண்டும். புதியவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. 30-ஆம் நாள் டி.எஸ்.பி. அலுவலகத்தில் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: தாசில்தாரிடமிருந்து இரு தரப்புச் சாதிச் சான்று வந்துவிட்டதா, மருத்துவமனையிலிருந்து காயச் சான்று வந்துவிட்டதா. வழக்கு கிடப்பில் கிடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு தாளுக்காகத்தான். கெடு தாண்டினால் உள்ளே இருக்கும் எதிரி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில், கட்டாய ஜாமீன் கேட்டு வெளியே வந்துவிடுவார்.

ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரியப்படுத்த வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ. நடைமுறையில் முந்தைய நாள் மாலைதான் காவலர் வந்து கையெழுத்து வாங்குவார். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வழக்கறிஞருக்கு உடனே அனுப்பச் சொல்லிவையுங்கள். மிரட்டல் இருந்தால் தேதியோடு எழுதிக் கொடுத்தால்தான் ஜாமீன் விசாரணையில் பயன்படும். சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று குடும்பத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அரசு வழக்கறிஞர் சரியில்லை என்று பட்டால், விருப்பமான மூத்த வழக்கறிஞரை நியமிக்கக் கோரி விதி 4(5)-இன் கீழ்க் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம்.

கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதில் அரசு சாரா உறுப்பினர்கள் இருப்பார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அவர்களிடம் நிலுவை வழக்குகளின் பட்டியலை ஒரே பக்கத்தில் கொடுங்கள். மூன்று பக்கம் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

12. எதிர்வழக்கும் சமாதானமும்

உங்கள் எஃப்.ஐ.ஆர். பதிவான அன்றே, சில சமயம் அடுத்த எண்ணிலேயே, அடிபட்டவர் மேலும் ஒரு வழக்கு வந்திருக்கும். பதறாதீர்கள், ஆனால் அலட்சியமும் வேண்டாம். அந்த வழக்கில் அவர் தலைமறைவானால் சொந்த வழக்கில் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. உடனே வழக்கறிஞரிடம் சொல்லி ஜாமீன் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். கெடுதல் எண்ணத்தோடு போடும் பொய் வழக்கும் வன்கொடுமைகள் தடுப்புச் சட்டத்தின் 3(1)(p) பிரிவில் குற்றம்தான்.

பிறகு சமாதானப் பேச்சு. தாசில்தார் கூட்டும் அமைதிக் கூட்டத்தில் பொதுப்பாதை, சுடுகாட்டு வழி, கோயில் நுழைவு பற்றிப் பேசலாம், எழுதி வாங்கலாம். வழக்கை வாபஸ் வாங்குவது அந்த மேசையில் பேசும் விஷயம் இல்லை. கூட்டக் குறிப்பில் "இரு தரப்பும் சமாதானமாகப் போவதாக" என்ற வரி இருந்தால் அதை அடிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும் மீறி அந்தக் குடும்பம் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று முடிவெடுத்தால்? அதே ஊரில், அதே நிலத்தில் கூலி வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். பின்விளைவுகளைச் சொல்லுங்கள், வழக்கறிஞரோடு ஒருமுறை பேச வையுங்கள். அதற்கு மேல் வற்புறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

13. விலகும்போது

வேலை மாறும், ஊர் மாறும், உடம்புக்கு முடியாமல் போகும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தவறு, அடுத்த வாய்தா தேதி உங்கள் டைரியில் மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போகாமலே இருந்துவிடும். வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த தேதி, வழக்கறிஞர் பெயர், வர வேண்டிய நிவாரணத் தவணை என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் இடத்துக்கு வருபவரைக் குடும்பத்திடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். உங்கள் போனில் உள்ள படங்கள், ஆவண ஸ்கேன்கள் அனைத்தையும் குழுவின் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு போனிலிருந்தும் கூகுள் டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள். அசல் ஆவணம் ஏதாவது தங்கியிருந்தால் அதை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.